உஷார்! குண்டு டயர் சைக்கிள் மலைப்பக்கம் திரும்புகிறதா?

அம்மாக்களே, அப்பாக்களே, கையில் இருக்கிற வேலையைக் கொஞ்சம் வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

உங்கள் வீட்டு வாசலில் குண்டு டயர் சைக்கிள் நிற்கிறதா? நாலு அங்குலம் தடித்த டயர், முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக், குழாயின் மேல் பெரிய எழுத்தில் 'மவுன்டன் பைக்'. சாயங்காலம் ஆனால் பிள்ளை அதை எடுத்துக்கொண்டு, "ஒரு ரவுண்டு போயிட்டு வரேம்மா" என்று கிளம்புகிறானா? அந்த ரவுண்டு எங்கே என்று கேட்டிருக்கிறீர்களா?

கேளுங்கள். இன்றைக்கே கேளுங்கள்.

நம் திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில் ரவுண்டு என்றால் செங்கம் சாலை, கிரிவலப் பாதை, மிஞ்சிப்போனால் சமுத்திரம் ஏரிக்கரை என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சாதாரண சைக்கிளில் அதற்கு மேல் போகவும் முடியாது. மணலில் சிக்கும், கல்லில் இடிக்கும், பிள்ளை திரும்பி வந்துவிடுவான். குண்டு டயர் அப்படித் திருப்பி அனுப்பாது. மணலில் ஏறும், சரளையில் ஏறும், வரப்பில் ஏறும். அந்த தைரியம்தான் பிள்ளையைத் தார்ச்சாலையை விட்டு உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது. உள்ளே போன பிறகு நடப்பது நமக்குத் தெரிவதில்லை.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், தெருவும் வேண்டாம். அந்தத் தாய் இதை நாலு பேருக்குச் சொல்லச் சொன்னாள், அதனால் சொல்கிறேன்.

பிளஸ் ஒன் படிக்கிற பையன். மாமா ஆன்லைனில் வாங்கிக் கொடுத்த குண்டு டயர் சைக்கிள். பாதி பூட்டியும் பூட்டாமலும் அட்டைப்பெட்டியில் வந்தது. வீட்டிலேயே ஸ்பேனரை வைத்து மாட்டிக்கொண்டார்கள். சில வாரம் ஓட்டியதும் பின்சக்கர டிஸ்க் கீச் கீச் என்று கத்த ஆரம்பித்தது. தெருவில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று பையனுக்கு வெட்கம். சமையலறையிலிருந்து தேங்காயெண்ணெய் எடுத்து வந்து டிஸ்க்கில் நாலு சொட்டு விட்டான். சத்தம் நின்றது. பிரேக்கும் அதோடு போனது. அவனுக்கு அது தெரியவில்லை. சமதரையில் மெதுவாகப் போகும்போது முன் பிரேக்கை வைத்தே சமாளித்துக்கொண்டிருந்தான்.

ஒரு சனிக்கிழமை மூன்று பையன்கள் கிரிவலப் பாதையிலிருந்து விலகி, அத்தியந்தல் பக்கம், வேலி பிரிந்து கிடந்த இடத்தில் மலையடிவாரத்துக்குள் நுழைந்திருக்கிறார்கள். சைக்கிளை மேலே தள்ளிக்கொண்டு போய், அங்கிருந்து இறக்கத்தில் விடுவது. யார் பிரேக் பிடிக்காமல் வருவது என்பது போட்டி. இவன் பிடித்தான். பின் பிரேக் வழுக்கியது. பயத்தில் முன் பிரேக்கை முழுசாக அழுத்தினான். முன்சக்கரம் அப்படியே நின்றது, பையன் நிற்கவில்லை. ஹேண்டில்பார் திரும்பி, அதன் முனை இடது விலாவுக்குக் கீழே குத்த, அதன் மேலேயே விழுந்தான்.

எழுந்துவிட்டான். முழங்கையில் சிராய்ப்பு. வயிற்றில் ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாக ஒரு சிவப்பு அச்சு. அவ்வளவுதான். நண்பர்கள் தண்ணீர் கொடுத்தார்கள், தட்டிவிட்டார்கள். காட்டுக்குள் போனது தெரிந்தால் அப்பா சைக்கிளைப் பிடுங்கிவிடுவார். "வீட்ல சொல்லாதடா" என்று மூவரும் பேசி வைத்துக்கொண்டார்கள்.

ராத்திரி அவனுக்குச் சாப்பாடு வேண்டாமாம். இடது தோள்பட்டை வலிக்கிறது என்றான். தோளில் அடியே படவில்லை! கிரிக்கெட் ஆடியதில் சுளுக்கு என்று பாட்டி எண்ணெய் காய்ச்சி நீவி விட்டாள். பதினொரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்த தாய், பிள்ளை சுவரைப் பார்த்து முழங்காலை மடக்கிச் சுருண்டு கிடப்பதைப் பார்த்தாள். நெற்றியைத் தொட்டால் சில்லென்று வேர்வை. உதடு வெளுத்திருந்தது. "என்னடா கண்ணு, எங்கடா விழுந்த?" என்று கேட்டதும்தான் அழுதுகொண்டே சொன்னான்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தபோது மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் கசிந்திருந்தது. பிழைத்துக்கொண்டான். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்தத் தாய் திரும்பிப் படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் எழுத மாட்டேன்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். இது எந்தச் சைக்கிளுக்கும் பொருந்தும்.

ஹேண்டில்பார் முனை வயிற்றில் குத்தினால் அது சின்ன அடி அல்ல!

பிள்ளைகளின் வயிற்றுச் சுவர் மெல்லியது. முனை குத்தும் இடம் சிறியது என்பதால் முழு விசையும் ஒரே புள்ளியில் இறங்குகிறது. தோல் கிழியாது. உள்ளே கல்லீரல், மண்ணீரல், கணையம், குடல் அடிபடும். மண்ணீரலில் ரத்தம் கசிந்தால் அது உதரவிதானத்தை உறுத்தும், வலி இடது தோளில் தெரியும். அதனால்தான் அந்தப் பையனுக்குத் தோள் வலித்தது. கணையமோ குடலோ அடிபட்டிருந்தால் முதல் சில மணி நேரம் ஒன்றுமே தெரியாமல் இருந்து, மறுநாள் வாந்தியும் காய்ச்சலும் வயிறு உப்புசமுமாகக் கிளம்பலாம். அதற்குள் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பியிருப்போம்.

விழுந்த பிள்ளை சாப்பிட மறுக்கிறதா? வயிற்றில் வட்டமான அச்சு இருக்கிறதா? அடிபடாத தோள் வலிக்கிறது என்கிறதா? முகம் வெளுத்து, குளிர்ந்த வேர்வை வந்து, எழுந்தால் தலை சுற்றுகிறதா? நெஞ்சு படபடவென்று அடிக்கிறதா? காத்திருக்காதீர்கள். எண்ணெய் தேய்த்து நீவாதீர்கள். சுளுக்கு எடுக்கிறவரிடம் கூட்டிப் போகாதீர்கள். வீட்டில் இருக்கிற வலி மாத்திரையைக் கொடுத்துத் தூங்க வைக்காதீர்கள். சோடா, கஷாயம் எதுவும் வேண்டாம், அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால் வயிறு காலியாக இருப்பது நல்லது. நேரே பெரிய ஆஸ்பத்திரி. போனதும் டாக்டரிடம் "கீழே விழுந்துட்டான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "ஹேண்டில்பார் வயித்துல குத்திடுச்சு" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் கேட்டால் அவர் பார்க்கிற விதமே மாறும்.

தலையில் அடி என்றாலும் இதே கதைதான். திரும்பத் திரும்ப வாந்தி, கேட்டதையே கேட்பது, எழுப்ப முடியாத தூக்கம், ஒரு கண்ணின் பாப்பா பெரிதாகத் தெரிவது. "களைப்பா இருக்கான், தூங்கட்டும்" என்று கதவைச் சாத்திவிட்டு வந்துவிடாதீர்கள்.

இதில் என்னை மிகவும் பயமுறுத்துவது அந்த அடிகூட இல்லை. மூன்று பையன்களும் பேசி வைத்துக்கொண்டு மறைத்ததுதான். ஆறேழு மணி நேரம் போய்விட்டது! நம்முடைய திட்டுக்குப் பயந்துதான் மறைத்தார்கள். ஆகவே இன்றைக்குப் பிள்ளையை உட்கார வைத்து ஒன்றே ஒன்று சொல்லிவிடுங்கள்: "எங்க போய் விழுந்தாலும் மொதல்ல எங்கிட்ட சொல்லு. அன்னைக்குத் திட்ட மாட்டேன்." சொன்னால் அன்றைக்குத் திட்டவும் கூடாது. வாக்கு வாக்குதான்.

சரி, சைக்கிளுக்கு வருவோம். வாசலுக்குப் போய் அந்த வண்டியை ஒரு தடவை தொட்டுப் பாருங்கள்.

முதலில் ஹேண்டில்பாரின் இரண்டு முனை. ரப்பர் கைப்பிடி தேய்ந்து, வெறும் குழாயின் வட்ட விளிம்பு வெளியே தெரிகிறதா? கட்டைவிரலை வைத்து அழுத்திப் பாருங்கள். விளிம்பு விரலில் பதிகிறது என்றால் வயிற்றிலும் பதியும். புது கிரிப், முனையில் அடைப்பு போடுங்கள். மிகச் சின்னச் செலவு. கைப்பிடி கழன்ற சைக்கிளை ஒரு நாள்கூட ஓட்ட விடாதீர்கள்.

அடுத்து பிரேக். லீவரை அழுத்தினால் அது கைப்பிடியைத் தொடும் வரை வருகிறதா? அப்படியென்றால் அந்தச் சைக்கிளுக்குப் பிரேக் இல்லை. மலிவு விலைக் குண்டு டயர் சைக்கிளில் டிஸ்க் இருந்தாலும் அதை இழுப்பது பழைய சைக்கிளில் இருக்கிற அதே மாதிரி கேபிள்தான். கேபிள் இழுபட இழுபடத் தளரும், பேட் தேயும். மாதம் ஒருமுறையாவது கடையில் காட்டி முறுக்க வேண்டும். டிஸ்க்கில் எண்ணெய் படவே கூடாது. தேங்காயெண்ணெய் மட்டுமல்ல, செயினுக்கு அடிக்கிற ஸ்ப்ரே தெறித்தாலும் போச்சு. எண்ணெய் குடித்த பேடைத் துடைத்துப் பயனில்லை, மாற்றுங்கள். கத்துகிற பிரேக்கைக் கடைக்காரரிடம் காட்டுங்கள், வீட்டு வைத்தியம் வேண்டாம். நீண்ட இறக்கத்தில் பிடித்துக்கொண்டே வந்தால் டிஸ்க் கொதிக்கும், விரலால் தொட்டுப் பார்க்கிற பிள்ளைக்குக் கொப்புளம்தான்.

இறக்கமும் பிரேக்கும் பற்றி ஒரு பழைய விஷயம். மலைச் சைக்கிள் ஓட்டமே அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மரின் கவுன்டி மலைகளில், 1970களில்தான் பெரிதாகக் கிளம்பியது. 1976-ல் அங்கே ஒரு மண் பாதையில் மேலிருந்து கீழே விடும் பந்தயம் தொடங்கினார்கள். அந்தப் பாதைக்கு 'ரீபேக்' என்றே பெயர் ஆகிவிட்டது. காரணம், ஒரே ஓர் இறக்கத்தில் பின்சக்கரப் பிரேக் சூடாகி உள்ளே இருக்கும் கிரீஸ் புகைந்து போகுமாம். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் புது கிரீஸ் அடைத்தால்தான் சக்கரம் மறுபடி ஓடும். சைக்கிளைக் கழற்றி மாட்டுவதையே வாழ்க்கையாக வைத்திருந்தவர்களின் பிரேக் கதி அது. நம் பிள்ளையின் சைக்கிளை மாட்டியது யார்? மாமா.

பெட்டியில் வந்த சைக்கிள் என்றால் கட்டாயம் ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். முன் ஃபோர்க்கைத் திருப்பி மாட்டியிருப்பார்கள், ஹேண்டில்பார் நட்டு இறுகாமல் இருக்கும், முன்சக்கரம் ஒழுங்காகப் பூட்டாமல் இருக்கும். தெருவில் ஓட்டும்போது தெரியாது. ஒரு கல் மேல் குதித்து இறங்கும்போது தெரியும்.

இப்போது அந்த டயர். எல்லா தைரியமும் அதிலிருந்துதானே வருகிறது!

குண்டு டயர் பனியிலும் பாலைமணலிலும் ஓட்டுவதற்காக வந்தது. அலாஸ்காவின் பனிப்பாதைகளிலும் அமெரிக்காவின் தென்மேற்கு மணல்வெளியிலும்தான் இது வளர்ந்தது. அகலமான டயரில் காற்றைக் குறைவாக வைத்தால் அது தரையில் பரந்து உட்காரும், புதையாது. பனியிலும் மணலிலும் 10 பிஎஸ்ஐக்கும் கீழே வைத்து ஓட்டுவார்கள். நம் ஊரில் என்ன நடக்கிறது? பங்க்சர் கடையில் கம்ப்ரஸர் குழாயை வைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, கல்லாக ஆகும் வரை அடித்துவிடுகிறோம். அப்படி அடித்த குண்டு டயர் கல்லில் பட்டால் ரப்பர் பந்து மாதிரி எகிறும். பிள்ளை வைத்த திசையில் சைக்கிள் போகாது. நேர்மாறாக, மிகவும் இறக்கிவிட்டால் திருப்பத்தில் டயர் நெளியும், கூரான கல்லில் ரிம் இடித்து ட்யூப் கடிபட்டு ஓட்டை விழும். டயரின் பக்கவாட்டிலேயே அதிகபட்ச அளவு அச்சடித்திருக்கிறது. படித்துப் பாருங்கள். அளவு காட்டும் கருவி வைத்துள்ள கடையில் காற்று அடியுங்கள்.

இன்னொன்று. டயர் தடித்திருப்பதால் அது குலுக்கலைத் தாங்கும் என்கிறார்கள். கொஞ்சம் தாங்கும். எடையைச் சொல்ல மாட்டார்கள். இந்தச் சைக்கிள்கள் பல 18 கிலோ, 20 கிலோ வருகின்றன. நாற்பது கிலோ எடையுள்ள ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அது தன் எடையில் பாதி. இறக்கத்தில் அதை நிறுத்த அந்தக் கை போதாது. விழுந்தால் மேலே விழுவதும் அதுதான்.

டயர் ஏற்றிவிடும். நிறுத்தாது!

அடுத்து மலை. நம் மலை.

அண்ணாமலை 2,668 அடி. அது காப்புக்காடு. அனுமதி இல்லாமல் உள்ளே நுழைவதே குற்றம், நடந்து போனாலும் சரி, சைக்கிளில் போனாலும் சரி. ஆசிரமத்தின் பின்புறமிருந்து கந்தாசிரமம் போகும் பாதையும் நடப்பவர்களுக்கானது. அந்தக் கற்பாதையில் வயதானவர்கள் வெறுங்காலோடு, கம்பை ஊன்றிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி வருகிறார்கள். எதிரே இருபது கிலோ இரும்பு இறங்கி வந்தால் அவர்களால் எங்கே ஒதுங்க முடியும்? ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் சரிவு. எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் அப்புறம் அவர்கள் பழையபடி நடப்பது எத்தனை கடினம் என்று நம் வீடுகளிலேயே பார்த்திருக்கிறோம். தயவுசெய்து அந்தப் பாதைக்குச் சைக்கிளை எடுத்துப் போகாதீர்கள். வெளியூரிலிருந்து வந்து ரமண நகரில் தங்கி வாடகைச் சைக்கிள் எடுப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். "லோக்கல் ஆள் ஒருத்தர் வழி காட்டறேன்னார்" என்று யார் பின்னாலும் காட்டுக்குள் போய்விடாதீர்கள், முக்கியமாகத் தனியாக வந்திருக்கும் பெண்கள்.

சரிவு எப்படிப்பட்டது என்று 2024-ல் கண்ணால் பார்த்தோம். ஃபெஞ்சல் புயல் மழையில், டிசம்பர் 1-ஆம் தேதி, நம் ஊர் வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் போனார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். அந்த வருடம் கார்த்திகை தீபத்துக்கு மலையேறவே பக்தர்களை விடவில்லை. சைக்கிள் டயர் அதற்குக் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. மழை செய்தது அது. நாம் அசையாது என்று நம்பியிருக்கும் மண்ணும் பாறையும் அசையும் என்பதைத்தான் சொல்கிறேன். மழைக்குப் பிறகு ஒரு வாரம், பத்து நாள், சரிவுப் பக்கம் எட்டியும் பார்க்காதீர்கள். சக்கரம் ஒரே தடத்தில் ஓடி ஓடிக் கீறிய மண்ணில் அடுத்த மழைத்தண்ணீர் வாய்க்காலாக இறங்கும் என்பதும் உண்மை. அங்கே மரக்கன்று வைத்து, கோடையில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்க்கிற கைகள் நம் ஊரிலேயே இருக்கின்றன. அந்தக் கன்றுகள் மேல்தான் டயர் ஏறுகிறது.

வெயில் காலம் இன்னும் மோசம். மாசி பங்குனியிலிருந்தே மலைப்புல் காய்ந்து கிடக்கும், ஒரு பீடித் துண்டு போதும். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்ததை மறந்துவிட்டோமா? மலையேறப் போன இளைஞர்கள், பெண்கள், காய்ந்த புல்லில் பற்றிய தீக்கு நடுவே மாட்டிக்கொண்டு இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஓடும். கீழே புகை தெரிந்தால் மேலே ஏறித் தப்பிக்கலாம் என்று பிள்ளை நினைப்பான், அதுதான் தப்பு. அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024-ல் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்து, பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு மட்டும் அனுப்புகிறார்கள். அதுவும் நடைக்கு. காட்டுக்குள் போக ஆசையா, அந்த வழியில் பதிவு செய்து போங்கள்.

பாம்பு பற்றிச் சொல்லவே வேண்டாம், ஆனாலும் சொல்கிறேன். கல் இடுக்கில் சுருட்டை விரியன், புல்லில் கண்ணாடி விரியன். சைக்கிளில் இருக்கும்போது கால் மேலே இருக்கிறது, பயமில்லை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். விழுந்தால் கையும் முகமும்தானே தரைக்குப் போகிறது! கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், நடக்க விடாதீர்கள். மோதிரம், கயிறு, வாட்ச் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் நேரே அரசு ஆஸ்பத்திரி. மந்திரம் போட, பச்சிலை கட்ட என்று வழியில் இறங்கவே கூடாது. பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாகத் தமிழக அரசு 2024-ல் சேர்த்ததே இந்தச் சாவுகளைக் குறைக்கத்தான்.

கதண்டும் அப்படித்தான். ரமண மகரிஷியின் வாழ்க்கை வரலாற்றிலேயே வருகிறது. மலையில் போய்க்கொண்டிருந்தபோது அவர் தொடை ஒரு புதரில் உரச, அதிலிருந்த கூட்டின் குளவிகள் காலைச் சூழ்ந்து கொட்டித் தீர்த்தன. தன் கால் செய்த பிழை என்று அவர் அப்படியே நின்றார். அவர் மகான். நம் பிள்ளை நிற்பானா? சரிவில் ஓடுவான். ஓட்டத்தில் விழுவதும் சேர்ந்துகொள்ளும். நிறையக் கொட்டுப்பட்டால், உதடு வீங்கி மூச்சு இழுத்தால், ஒரு நிமிடம்கூட வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

மலையை விட்டுவிட்டு வயல் பக்கம் போனால் சரியாகிவிடுமா? அங்கே வேறு ஆபத்து. கைப்பிடிச்சுவர் இல்லாத தரைக்கிணறுகள், ஓரத்தில் புல் மூடி, பக்கத்தில் வரும் வரை தெரியாது. கைவிட்ட கல்குவாரிக் குழிகள். காட்டுப்பன்றிக்காகச் சிலர் திருட்டுத்தனமாகப் போடும் மின்வேலி. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் அப்படி ஒரு கம்பியில் மூன்று யானைகள் விழுந்தன. யானையைச் சாய்த்த மின்சாரம் நம் பிள்ளையை என்ன செய்யும்? இரும்புச் சைக்கிளில் உட்கார்ந்துகொண்டு அந்தி மங்கலில் மெல்லிய கம்பியைப் பார்க்க முடியுமா? வரப்பில் பந்து மாதிரி ஏதாவது உருண்டையாகக் கிடந்தால் தொடவும் கூடாது, டயரை ஏற்றவும் கூடாது. அவுட்டுக்காய் என்று பன்றிக்கு வைக்கிற நாட்டுவெடி அது. கையோடு போய்விடும்.

இருட்டினால் வீடு. இதில் பேரம் இல்லை. இந்தச் சைக்கிள்களில் பெரும்பாலும் விளக்கு கிடையாது, மட்கார்டு கிடையாது, பல வண்டிகளில் பெல்லும் கிடையாது. செங்கம் சாலையில் பஸ் வருகிற வேகம் உங்களுக்குத் தெரியும்.

என்ன செய்வது, சைக்கிளை உடைத்தா போட முடியும் என்று கேட்பீர்கள். வேண்டாம். பிள்ளை ஓட்டட்டும். செல்போனைப் பார்த்துக்கொண்டு மூலையில் கிடப்பதைவிட வியர்க்க வியர்க்க சைக்கிள் மிதிப்பது ஆயிரம் மடங்கு நல்லது. பௌர்ணமியும் விடுமுறைக் கூட்டமும் இல்லாத நாளில், விடிந்த பிறகு, கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரும் இருக்கிறது. இடது ஓரமாக, நடப்பவர்களுக்கு வழிவிட்டு, மெதுவாகச் சுற்றி வரட்டும். மண்ணில்தான் ஓட்ட வேண்டும் என்றால் தெரிந்தவர் தோட்டம், பள்ளி மைதானம், பெரியவர் ஒருவர் கூடவே இருக்கும் இடம். தலைக்கு ஹெல்மெட், தாடைப்பட்டை மாட்டி. கையுறை கட்டாயம், விழும்போது முதலில் கிழிவது உள்ளங்கைதான். செருப்போடு வேண்டாம், ஷூ. இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிப் பிடிக்கப் பழக்குங்கள். எந்த லீவர் எந்தச் சக்கரம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரிய வேண்டும். தெரியாத பிள்ளை இறக்கத்தில் போகக் கூடாது.

கடைசியாக ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள். விபத்து நடந்தால் 108-ஐ அழைக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தான் எங்கே இருக்கிறோம் என்று சொல்லத் தெரிவதில்லை. "மலைக்குப் பின்னாடி" என்கிறான். ஆம்புலன்ஸ் 14 கிலோமீட்டர் சுற்றுமா? அஷ்டலிங்கங்களை வரிசையாக மனப்பாடம் செய்ய வையுங்கள்: இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசான்யம். நம் ஆசிரமத்திலிருந்து கிரிவலம் போகிற திசையில் அடுத்து வருவது எமலிங்கம். கிளம்பும்போது எந்த லிங்கத்தைத் தாண்டிப் போகிறான் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போகட்டும். போன் செய்யும்போது எந்த லிங்கத்துக்கும் எந்த லிங்கத்துக்கும் நடுவே, சாலையின் மலைப்பக்கமா ஊர்ப்பக்கமா என்று சொல்லட்டும். கூட இருக்கும் பையன்களில் ஒருவன் அடிபட்டவனோடு இருக்க, இன்னொருவன் தார்ச்சாலைக்கு வந்து கையைக் காட்டி நிற்க வேண்டும்.